கெலவரப்பள்ளி நுரையை ஆய்வு செய்வது எப்படி: சட்டம், புறப்பரப்பு வேதியியல், நன்னீர்ச் சூழலியல் மூன்றும் சேரும் ஆய்வுக்கான முழுமையான வழிகாட்டி

ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும்போது தென்பெண்ணையில் நுரை எழுவதைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அறியாதவர்கள் குறைவு. அதை ஆய்வுப் பொருளாக எடுக்கும் முதுநிலை மாணவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே இரண்டு பாட்டில்களுடன் அணைக்குப் போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, தங்களிடம் இருக்கும் எண்களைக் கொண்டு சட்டத்தின் எந்தக் கேள்விக்கும் விடை சொல்ல முடியாது என்று தெரியவருகிறது. அப்போது கடந்த பருவமழைத் தண்ணீரை மீண்டும் எடுக்க வழியில்லை.

இந்த வழிகாட்டி சட்டம், வேதியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் படித்துவிட்டு மற்ற இரண்டுக்குள் நுழைபவர்களுக்கானது. திட்டமிடும்போது சட்டம் முதலிலும், சூழலியல் அடுத்தும், வேதியியல் கடைசியிலும் வர வேண்டும் என்பதே இதன் அடிப்படை. எதை நிறுவ வேண்டும் என்பதைச் சட்டமும், எங்கே, எப்போது எடுக்க வேண்டும் என்பதைச் சூழலியலும், எவ்வளவு என்பதை வேதியியலும் சொல்லும்.

1. சட்டத்தின் வரையறையிலிருந்து ஆய்வுக் கேள்வியை எழுதுங்கள்

1974ஆம் ஆண்டின் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் 2ஆம் பிரிவில் மாசு என்பதற்குத் தரப்பட்டுள்ள வரையறையை முழுமையாகப் படியுங்கள். நீரின் பௌதிக, வேதி அல்லது உயிரியல் பண்புகளில் ஏற்படும் மாற்றம் பொதுத் தொல்லையை உண்டாக்கக்கூடியதாகவோ, பொதுச் சுகாதாரம், வேளாண்மை உள்ளிட்ட நியாயமான பயன்பாடுகள், நீர்வாழ் உயிரிகளின் வாழ்வு ஆகியவற்றுக்குக் கேடு செய்யக்கூடியதாகவோ இருந்தால் அது மாசு என்கிறது அந்த வரையறை. மூன்று துறைகளும் அந்த ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன: பரப்பு இழுவிசை குறைவது பௌதிக மாற்றம், டிடர்ஜெண்ட் வேதிப்பொருள் கூடுவது வேதி மாற்றம், அடிமண்ணில் வாழும் உயிரினக் குடும்பங்கள் மறைவது உயிரியல் மாற்றம்.

இதை முதலில் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரைப் பயன்பாட்டின் அடிப்படையில் ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. அந்த அட்டவணையில் கரைந்த ஆக்சிஜன், பிஓடி (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் செலவழிக்கும் ஆக்சிஜன்), கோலிஃபார்ம் பாக்டீரியா, கார அமிலத் தன்மை (pH), தனி அம்மோனியா, மின்கடத்துதிறன் போன்றவைதான் அளவுகோல்கள். நுரையை உண்டாக்கும் டிடர்ஜெண்ட் மூலக்கூறுகளான பரப்புச் செயலிகளுக்கு அங்கே வரம்பே இல்லை. ஆகவே ‘வரம்பை மீறியதா’ என்று கேட்டுத் தொடங்கும் ஆய்வு பதில் இல்லாத கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலையும். வரையறையிலிருந்து தொடங்கினால், மாற்றம் நிகழ்ந்ததா, அந்த மாற்றம் கேடு செய்யக்கூடியதா என்ற இரண்டு கேள்விகள் கிடைக்கும். இரண்டையும் அளந்து காட்டலாம்.

அடிக்கடி நிகழும் பிழை: குடிநீருக்கான ஐஎஸ் 10500:2012 தரத்தில் எதிர்மின் டிடர்ஜெண்டுகளுக்கு உள்ள 0.2 மி.கி./லி. ஏற்புடைய அளவையும் 1.0 மி.கி./லி. உச்ச அளவையும் ஆற்றுக்கு நேராகப் பொருத்துவது. ஒப்பிடலாம், தடையில்லை, ஆனால் அது குடிநீர்த் தரம் என்பதை அதே வாக்கியத்திலேயே எழுதிவிட வேண்டும்.

2. எந்தச் சட்டம், எந்த மன்றம் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தென்பெண்ணை நந்தி மலையில் தோன்றி, பெங்களூருவின் கிழக்கு விளிம்பு வழியாக வந்து, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி நீரும் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. எல்லையைக் கடக்கும் ஆறு என்றவுடன் மாணவர்கள் 1956ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்ப் பிணக்குகள் சட்டத்தை எடுத்து ஓர் அத்தியாயம் எழுதிவிடுகிறார்கள். பெண்ணையாற்று நீரைப் பற்றித் தமிழகம் தொடுத்த வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நடுவர் மன்றத்தை நாடும் வழியைச் சுட்டியது உண்மைதான். ஆனால் அந்த வழக்கின் மையம் தண்ணீரின் அளவு. நுரை தண்ணீரின் தரம் பற்றியது. அதற்கு 1974ஆம் ஆண்டுச் சட்டமும், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டமும், 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் போதும்.

பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் மூன்று பிரிவுகளைக் கட்டாயம் படிக்க வேண்டும். 14ஆம் பிரிவில் ஆறு மாதக் காலவரம்பு இருக்கிறது. 19ஆம் பிரிவு, தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்கிறது. 20ஆம் பிரிவு முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையையும் பின்பற்றச் சொல்கிறது. இவ்விரு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் சொன்னது. அது பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கு. அறிவியல் சான்று உறுதியற்றதாக இருக்கும்போது நீதிமன்றம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு 1999ஆம் ஆண்டின் எம்.வி. நாயுடு வழக்கைப் படியுங்கள். வேதியியல் மாணவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

1974ஆம் ஆண்டுச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டுப் பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனைக்குப் பதிலாகப் பணத் தண்டம் வந்தது. அரசமைப்பின் 252ஆம் பிரிவின்படி அமைந்த சட்டம் என்பதால், ஒரு மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய பிறகே திருத்தம் அங்கே செல்லும். மாதிரி எடுத்த நாளில் எல்லையின் இரு பக்கமும் எந்த வாசகம் நடைமுறையில் இருந்தது என்பதை அரசிதழ்களில் பார்த்து எழுதுங்கள்.

3. புறப்படுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அணை வளாகத்துக்கும் மதகுப் பகுதிக்கும் நீர்வளத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ‘கல்லூரியிலிருந்து வருகிறோம்’ என்று வாயால் சொன்னால் ஒருநாள் விடுவார்கள், மறுநாள் காவலாளி மாறியிருப்பார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இரண்டு மனுக்களை இப்போதே போட்டுவிடுங்கள். ஒன்று நீர்வளத் துறைக்கு: அணையின் நாள்வாரி நீர்மட்டம், வரத்து, திறப்பு, திறந்த மதகுகளின் எண்ணிக்கை. மற்றொன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு: அந்த ஆற்றுப் பகுதியில் எடுத்த மாதிரிகளின் பகுப்பாய்வு அறிக்கை நகல்கள். பதிலுக்கு 30 நாள், கிடைக்காவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் என்று கணக்கிட்டால், களப்பணி தொடங்கும் நேரத்துக்குக் காகிதங்கள் வந்து சேரும். மனுவில் ‘ஏன் நுரை வருகிறது’ என்று கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள், கருத்தைக் கேட்டால் ‘தகவல் இல்லை’ என்ற ஒருவரிப் பதில்தான் கிடைக்கும்.

ஒப்பீட்டுக்காக அஞ்செட்டிப் பக்கக் காட்டோடைகளை எடுக்க நினைப்பவர்கள் 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தின் எல்லையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி தேவை.

4. இடங்களைத் தேர்ந்தெடுத்தல்

குறைந்தது நான்கு இடங்கள் வேண்டும்: ஆறு மாநிலத்துக்குள் நுழையும் கொடியாளம், கெலவரப்பள்ளி அணைக்குள் ஆறு கலக்கும் வால்பகுதி, மதகுக்குக் கீழே, பிறகு கிருஷ்ணகிரி அணைக்கு மேலே. முதல் இடம் இல்லையென்றால், ‘எல்லாம் மேலேயிருந்து வந்தது’ என்றோ ‘ஒசூரில்தான் சேர்ந்தது’ என்றோ எழுதும் எந்த வாக்கியத்துக்கும் ஆதாரம் இருக்காது.

மாசில்லாத ஒப்பீட்டு இடம் மேல்நோக்கிப் போனால் கிடைக்கும் என்பது பாடநூல் விதி. இந்த ஆற்றில் மேலே போகப் போகப் பெருநகரம்தான் வரும். ஆகவே கிளையாறு ஒன்றைத் தேட வேண்டும். ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கித் தருமபுரி மாவட்டத்தில் ஓடித் தென்பெண்ணையில் சேரும் வாணியாற்றின் மேல்பகுதி ஒரு வாய்ப்பு. அதன் உயரமும் அடித்தளக் கற்களும் வேறுபடும் என்பதை மறைக்காமல் எழுதினால் தேர்வாளர் ஏற்பார். மறைத்தால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுதான்.

ஒரே இடத்தில் நிரப்பிய மூன்று பாட்டில்கள் மூன்று மாதிரிகள் ஆகா. அவை உங்கள் அளவீட்டின் துல்லியத்தைக் காட்டும், ஆற்றின் வேறுபாட்டைக் காட்டா. புள்ளியியல் அட்டவணையில் இந்தப் பிழையைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

5. பாட்டில்களைத் தயாரித்தல்

பாஸ்பேட், பரப்புச் செயலி இரண்டையும் அளக்கப் போகும் ஆய்வில் பாட்டிலைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவுவது ஆய்வையே கழுவி ஊற்றுவதாகும். பாஸ்பேட் பாட்டில்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும், டிடர்ஜெண்ட் பாட்டில்களை மெத்தனாலாலும் கழுவி, காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசுங்கள். ஆய்வகத்தில் பாட்டில் கழுவும் வேலை வேறொருவருடையது என்றால், அவர் அருகில் நின்று பாருங்கள்.

பரப்புச் செயலி மூலக்கூறுகள் கண்ணாடிச் சுவரிலும் பரப்பு கவர்தலால் ஒட்டிக்கொள்ளும். அதனால் டிடர்ஜெண்ட் பாட்டிலை ஆற்று நீரால் ஒருமுறை அலசி ஊற்றிவிட்டு நிரப்ப வேண்டும். சுவர் ஏற்கெனவே நிறைந்திருந்தால் மாதிரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் அளவு குறையும். ஒவ்வொரு பயணத்திலும் காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய ஒரு வெற்று மாதிரியும் உடன் போய்த் திரும்ப வேண்டும்.

6. ஆற்றங்கரையில் வேலையின் வரிசை

இடங்களுக்கிடையே, சுத்தமானதில் தொடங்கி மோசமானதில் முடியுங்கள். வலையும் கயிறும் அழுக்கைக் கொண்டு செல்லும். ஓர் இடத்துக்குள், கீழ்நீரிலிருந்து மேல்நீர் நோக்கி நகருங்கள். கால் கலக்கிய சேறு பாட்டிலுக்குள் வராது. இந்த இரண்டு விதிகளையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

கரையை அடைந்ததும் முதலில் புகைப்படமும் திறந்த மதகுகளின் எண்ணிக்கையும்; பிறகு வெப்பநிலை, கார அமிலத் தன்மை, மின்கடத்துதிறன்; அடுத்துக் கரைந்த ஆக்சிஜன் பாட்டிலை நிரப்பி அங்கேயே ஆக்சிஜனைப் பிணைத்து வைக்கும் விங்க்லர் கரைசல்களைச் சேர்த்து நிலைப்படுத்துதல்; அதன்பின் டிடர்ஜெண்ட், பாஸ்பேட், குளோரோஃபில் பாட்டில்கள்; பிறகு நுரை; கடைசியில்தான் வலை. வலையை முதலில் போட்டால் அடிமண் கலங்கி, மண்ணில் ஒட்டியிருந்த பரப்புச் செயலிகளும் பாஸ்பேட்டும் நீருக்குள் வந்துவிடும்.

நேரம் மிக முக்கியம். கிருஷ்ணகிரியிலிருந்து காலைப் பேருந்து பிடித்து, பதினொரு மணிக்கு அணைக்குப் போய், பச்சைப் பாசி படர்ந்த நீரில் கரைந்த ஆக்சிஜன் 9 மி.கி./லி. என்று அளந்து, ‘ஆறு நலமாக உள்ளது’ என்று எழுதும் மாணவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவெல்லாம் பாசியும் பாக்டீரியாவும் அதைச் செலவழிக்கின்றன. மீன் சாவது விடியலுக்கு முன். ஆகவே சூரியன் எழும் முன் ஓர் அளவும் பிற்பகலில் ஓர் அளவும் எடுத்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியை எழுதுங்கள். மேலும் ஒசூர்ப் பகுதி சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு. 25 டிகிரியில் கடல்மட்டத்தில் 8.3 மி.கி./லி. என்றிருக்கும் நிறைநிலை (காற்றிலிருந்து நீர் கரைத்து வைக்கக்கூடிய ஆக்சிஜன் அளவு) இங்கே 7.4 அளவுதான். கடல்மட்ட அட்டவணையைப் பார்த்து விழுக்காடு போட்டால் கணக்கு தவறும்.

மதகு முன்னறிவிப்பின்றித் திறக்கலாம். நுரை படுகையின் பள்ளத்தையும் வழுக்குப் பாறையையும் மூடியிருக்கும். மதகுக்குக் கீழே நீருக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது.

7. நுரையும் நீரும் வெவ்வேறு மாதிரிகள்

பரப்புச் செயலி மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை விலக்கும்; அதனால் அது காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் போய்க் குவிகிறது. மதகில் விழும் நீர் காற்றை உள்ளிழுத்துக் குமிழிகளாக்க, ஒவ்வொரு குமிழியும் மேலெழும்போது தன் பரப்பில் அம்மூலக்கூறுகளை ஏற்றிக்கொண்டு வருகிறது. ஆகவே நுரையில் உள்ள செறிவு கீழே ஓடும் நீரில் உள்ளதைவிடப் பல மடங்காக இருக்கும். நுரையை உடைத்து அளந்த எண்ணை ‘ஆற்று நீரின் அளவு’ என்று எழுதினால் ஆய்வேடு அந்த ஒரு வரியிலேயே வீழும்.

நீர் மாதிரியை நுரை புகாமல் மேற்பரப்புக்குக் கீழேயிருந்து எடுங்கள். நுரையை அகலமான பாத்திரத்தில் அள்ளி, தானாக அடங்க விட்டு, கிடைத்த திரவத்தைத் தனிப் பாட்டிலில், தனி எண்ணுடன் வையுங்கள்.

நுரையின் உயரமும் மாசின் அளவுகோல் அன்று. பெங்களூருவில் மழை பெய்தால் கழிவும் அடித்துக்கொண்டு வருகிறது, வரத்து கூடி மதகும் அதிகம் திறக்கப்படுகிறது. இரண்டில் எது நுரையைக் கூட்டியது என்பதைப் பிரிக்க, 3ஆம் படியில் கேட்ட மதகுக் கணக்கு வேண்டும்.

8. ஆய்வகத்தில்

எதிர்மின் பரப்புச் செயலிகளை மெத்திலீன் நீல முறையில் அளப்பது வழக்கம். சாயமும் டிடர்ஜெண்டும் இணைந்த நீலச் சேர்மத்தைக் குளோரோஃபார்மில் பிரித்தெடுத்து, 652 நானோமீட்டரில் நிற அடர்த்தியைப் படிக்கிறோம். மாதிரிகளைக் குளிர்நிலையில் வைத்து 48 மணி நேரத்துக்குள் முடியுங்கள். பாக்டீரியா அதற்கு மேல் காத்திருக்காது. குளோரோஃபார்ம் வேலை முழுவதும் ஆவியை வெளியேற்றும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள்.

இந்த முறை டிடர்ஜெண்டை மட்டும் காட்டுவதில்லை. குளோரைடு, நைட்ரேட், சில புரதங்கள் ஆகியவையும் நீலம் காட்டி அளவைக் கூட்டும். துணி மென்மையாக்கிகளில் உள்ள நேர்மின் பரப்புச் செயலிகள் அளவைக் குறைக்கும். கழிவுநீர் கலந்த ஆற்றில் இவை அத்தனையும் உண்டு. ஆகவே நைட்ரஜன் வாயுவைச் செலுத்திப் பரப்புச் செயலிகளை மட்டும் எத்தில் அசிட்டேட் அடுக்குக்கு ஏற்றும் சப்லேஷன் படியைச் செய்யுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், தெரிந்த அளவு டிடர்ஜெண்டை ஆற்று மாதிரியில் சேர்த்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது கட்டாயம். முடிவை ‘மெத்திலீன் நீலத்துடன் வினைபுரியும் பொருள்கள், இன்ன நியமக் கரைசலுக்கு இணையாக’ என்றே எழுத வேண்டும்.

பரப்பு இழுவிசையை வளைய முறையிலோ தட்டு முறையிலோ அளக்கலாம். அந்தப் பிளாட்டின வளையத்தையோ தட்டையோ ஒவ்வோர் அளவுக்கு முன்பும் சுடரில் காட்டி எடுங்கள். ஒரு விரல் தொட்டாலே அன்றைய எண்கள் வீண். தூய நீரின் பரப்பு இழுவிசை 20 டிகிரியில் மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன், 30 டிகிரியில் 71.2. ஏப்ரல் மாதத்து ஆய்வகத்தில், மின்விசிறிக்குக் கீழே அளந்துவிட்டு, அந்த 1.6 வித்தியாசத்தை டிடர்ஜெண்டின் வேலை என்று எழுதியவற்றைப் பார்த்திருக்கிறேன். வெப்பநிலையை எழுதாத பரப்பு இழுவிசை எண்ணுக்கு மதிப்பில்லை.

பரப்பு இழுவிசை குறைவதிலிருந்து பரப்பில் குவிந்த மூலக்கூறுகளைக் கணக்கிடும் கிப்ஸ் பரப்பு கவர்தல் சமன்பாட்டை ஆற்று நீருக்கு அப்படியே போடாதீர்கள். அது அறிந்த ஒரே கரைபொருளுக்கானது. அயனிப் பரப்புச் செயலி என்றால், வேறு உப்பு இல்லாதபோது சமன்பாட்டின் பகுதியில் (பின்னத்தின் கீழே) 2 வரும், உப்பு மிகுந்தால் 1 ஆகும். ஆற்றிலோ எத்தனை பொருள்கள் என்றே கணக்கில்லை. ஆய்வகத்தில் தயாரித்த நியமக் கரைசல்களுக்குச் சமன்பாட்டைப் பயன்படுத்தி, ஆற்று மாதிரியை அந்த வளைகோட்டின் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், அது போதும்.

பிஓடியை நம் நாட்டு முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து அளந்துவிட்டு, 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்த வெளிநாட்டுக் கட்டுரை எண்ணுடன் ஒப்பிடுபவர்கள் முறை வேறுபாட்டை அடிக்குறிப்பிலாவது சொல்ல வேண்டும்.

9. அடிமண் உயிரிகள்

நீர்ப் பாட்டில் அந்த நிமிடத்தைச் சொல்லும். அடியில் வாழும் பூச்சிப் புழுக்கள் கடந்த சில மாதங்களைச் சொல்லும். சட்டத்தின் வரையறையில் உள்ள ‘நீர்வாழ் உயிரிகளுக்குக் கேடு’ என்ற பகுதிக்கு இதைவிட நேரான சான்று இல்லை.

அரை மில்லிமீட்டர் கண் கொண்ட வலையில், காலால் அடிமண்ணைக் கிளறி, எல்லா இடத்திலும் ஒரே நேர அளவுக்கு, கூடுமானால் ஒரே ஆளே எடுக்க வேண்டும். அணைக்குள் சேற்றுத் தரை என்பதால் வலை பயன்படாது; அங்கே மண் அள்ளும் கருவி வேண்டும், அந்த முடிவுகளை ஆற்று முடிவுகளுடன் ஒரே படத்தில் போடக் கூடாது. உயிருடன் இருக்கும்போதே வெள்ளைத் தட்டில் பார்த்து நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் நெளியும் ரத்தப்புழுக்களின் சிவப்பு, ஆல்கஹாலில் போட்டபின் மங்கிவிடும். மத்திய வாரியத்தின் உயிரியல் நீர்த்தர முறைக்குக் குடும்ப அளவில் இனம் காண்பது போதும். இனப்பெயர் வரை போகிறேன் என்று ஓராண்டைச் செலவழிப்பது சட்ட ஆய்வுக்குத் தேவையற்றது.

குடும்பங்கள் குறைந்ததற்கு டிடர்ஜெண்டே காரணம் என்று எழுத அவசரப்படாதீர்கள். அம்மோனியா, விடியற்கால ஆக்சிஜன் குறைவு, ஆகாயத்தாமரை மூடிய நிழல் ஆகியவையும் அதையே செய்யும். கார அமிலத் தன்மை 7லிருந்து 8க்கு ஏறினாலே தனி அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. பாசி மிகுந்த நீரில் அது ஒரே பகலில் நடக்கக்கூடியது.

10. எழுதுதலும் சான்றாக்குதலும்

ஆய்வாளர் எடுத்த மாதிரி வாரியம் எடுத்த மாதிரி ஆகாது. ஆலைக் கழிவு மாதிரிக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தனி நடைமுறை வகுத்திருக்கிறது: உரியவருக்கு அறிவிப்பு, அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்தல், முத்திரை, கையொப்பம். அதைப் பின்பற்றாமல் வாரியம் எடுத்த கழிவு மாதிரியின் முடிவே சான்றாக ஏற்கப்படாது. உங்கள் எண்களைத் தீர்ப்பாயத்தில் பின்புலப் பொருளாக வைக்கலாம். குற்றத்தை நிறுவும் அறிக்கையாக வைக்க முடியாது. அதே சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி எவரும் வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்து நீதிமன்றத்தில் முறையிடலாம் என்பதால், உங்கள் ஆய்வு எந்த இடத்தில் வாரியத்தின் மாதிரியெடுப்பைத் தூண்டக்கூடும் என்பதையும் எழுதுங்கள்.

மாதிரி கைமாறும் ஒவ்வொரு முறையும் நேரம், கொடுத்தவர், பெற்றவர் கையொப்பம் கொண்ட தாள் பாட்டிலுடன் செல்ல வேண்டும். புல நோட்டில் மையால் எழுதுங்கள். திருத்தம் வந்தால் ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். வெள்ளை மை பூசிய பக்கம் குறுக்கு விசாரணைக்கு விருந்து. கைபேசிப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமித்தால் படம் சுருங்கி, இடமும் நேரமும் பற்றிய உள்தகவல் போய்விடும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) கேட்பதால், மூலக் கோப்பை அன்றே கணினிக்கு மாற்றி மதிப்பைக் குறித்து வையுங்கள்.

செறிவை மட்டும் எழுதாமல், அந்த இடத்து நீரோட்ட அளவால் பெருக்கி, சுமை நாள் ஒன்றுக்கு எத்தனை கிலோ என்றும் எழுதுங்கள். வெள்ளக்காலத்தில் செறிவு குறைந்து சுமை கூடுவது இந்த ஆற்றில் எதிர்பார்க்க வேண்டியதே. கொடியாளத்துச் சுமைக்கும் மதகுக்குக் கீழுள்ள சுமைக்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லை பற்றிய உங்கள் அத்தியாயத்தைத் தாங்கும்.

ஆய்வேட்டை ஒப்படைத்ததும் நோட்டுகளையும் கைமாற்றத் தாள்களையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்டு ஐந்து ஆண்டுகள் வரை மனு செய்யலாம் என்பதால், ஆல்கஹாலில் உள்ள உயிரி மாதிரிகள் உட்பட அனைத்தையும் கடைசி மாதிரி எடுத்த நாளிலிருந்து அவ்வளவு காலமேனும் துறையில் பெயர் எழுதிப் பூட்டி வைத்து, சாவி யாரிடம் என்பதையும் பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள்.